கன்னத்தில் சிவப்பு

பாபநாசத்துக்கு மேலே, வனத்துறைச் செக்போஸ்ட்டைத் தாண்டி, காரையாறு போகிற ரோட்டை ஒட்டியே ஒரு மின்சார லைன் காட்டுக்குள் ஏறிப் போகிறது. மேலே இருக்கிற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புக்கு வெளிச்சம் போவது அதில்தான். கோடை மழைக்கு முன்னால் அந்த லைனை முழுக்க நடந்து பார்த்து, கம்பியைத் தொடுகிற கொப்புகளை வெட்டி, சாயப் போகிற மரங்களை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. எழுதிக் கொடுத்ததும் வெட்டிவிட முடியாது. அது புலிகள் காப்பகம். வனத்துறையிடமிருந்து உத்தரவு வந்து, அவர்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் நாங்கள் அரிவாளைத் தூக்கலாம்.

நான் லைன்மேன். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு விக்கிரமசிங்கபுரத்தில் குடியிருக்கிறேன். பறவை பார்க்கிற ஆள் இல்லை. கம்பத்தில் ஏறுகிறவனுக்குப் பறவை என்றால் காக்காய்தான்; ஒன்று கம்பியில் அடிபட்டுக் கீழே கிடக்கும், இல்லையென்றால் கம்பத்து உச்சிக் குறுக்குச் சட்டத்தில், கிராஸ் ஆர்மில், சுள்ளி அடுக்கி எங்களுக்கு வேலை வைக்கும். மரங்கொத்தியும் தெரியும். எங்கள் ஊர்ப் பனையில் பொன் நிற முதுகோடு ஒன்று கத்திக்கொண்டே ஏறும். தினமும் கண்ணில் பட்டதாலோ என்னவோ, அதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் நானும் என் கூட்டாளியும் லைன் பார்க்கப் போனோம். அவர் எனக்கு ஒரு வயது மூத்தவர். இருபது வருஷமாக நான் மேலே ஏறினால் அவர் கீழே கயிறு பிடிப்பார், அவர் ஏறினால் நான் பிடிப்பேன். வாய் ஓயாது. மத்தியானம் ஒரு பாறை மேல் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, அவரே பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பினார்.

"வெட்டு சத்தம் கேக்குதா வே?"

கேட்டது. தொம், தொம், தொம் என்று மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு. கோடாரி மரத்தில் இறங்குகிற மாதிரியே இருந்தது. காட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டால் நல்லதுக்கு இல்லை. எவனோ திருட்டு மரம் வெட்டுகிறான், நாமும் இங்கே இருக்கிறோம், நாளைக்கு நம்மையும் சேர்த்துக் கேட்பார்கள் என்று எனக்குப் பயம். சோற்றை மூடி வைத்துவிட்டுப் பைய இறங்கிப் போனோம். ஈத்தம் புதரைத் தாண்டினதும் ஒரு காய்ந்த இலவமரம். அறுபது அடிக்குக் குறையாது. பட்டை உரிந்து, சாம்பல் பூத்து, கம்பியைப் பார்த்து லேசாகச் சாய்ந்து நின்றது. அந்த மரத்தை எனக்குத் தெரியும். போன வருஷம் வெட்ட வேண்டிய மரங்களின் லிஸ்ட்டில் அதை எழுதியவனே நான்தான்.

மரத்தடியில் யாரும் இல்லை. ஆனால் மேலேயிருந்து மரச் சிலாம்புகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என் விரல் நீளம். அண்ணாந்து பார்த்தேன்.

கருப்பாக ஒன்று மரத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு நின்றது. காக்காய் அளவு என்று சொல்ல முடியாது. காக்காயை விடப் பெரிது, நீளம். தலை ரத்தச் சிவப்பு. நெற்றியிலிருந்து பின்னந்தலை வரைக்கும் சிவப்புக் கொண்டை, அலகுக்குக் கீழே கன்னத்தில் தனியாக ஒரு சிவப்புக் கோடு. தலையைப் பின்னால் இழுத்து ஒரு அடி அடித்தது. அந்த ஒல்லிக் கழுத்திலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நேரில் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். காய்ந்த மரம் முழுக்க அதிர்ந்தது. நான் மரத்தில் கை வைத்திருந்தேன். அந்த அதிர்வு என் உள்ளங்கைக்கு வந்தது.

"அண்டங்காக்கா வே" என்றார் கூட்டாளி, மெதுவாக.

"காக்கா இப்படிச் செவுத்துப் பல்லி மாதிரி நிக்குமா? சும்மா இரும்."

அது ஏறியது. நடக்கவில்லை, தாவவும் இல்லை. இரண்டு காலையும் சேர்த்து ஒரு உந்து. அரை அடி மேலே போய் வாலை மரத்தில் ஊன்றி நின்றுகொள்ளும். மறுபடி ஒரு உந்து, மறுபடி வால். அந்த வால் வெறும் இறகு இல்லை, முட்டுக் கொடுக்கிற கழி மாதிரி வளைந்து அதன் பாரத்தைத் தாங்கியது. பிழைப்புக்கு ஏறுகிறவன் நான். கம்பத்து உச்சியில் இடுப்புப் பெல்ட்டில் சாய்ந்து இரண்டு கையையும் விட்டுவிட்டு வேலை செய்கிற சுகமும் பயமும் எனக்குத் தெரியும். ஒரு பறவை அதையே பெல்ட் இல்லாமல், கயிறு இல்லாமல், கீழே பிடிக்க ஆள் இல்லாமல் செய்கிறது. எனக்கு வாய் திறந்தபடியே இருந்தது. கூட்டாளி இரண்டு தரம் கூப்பிட்டார் என்று பிறகு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

கத்திக்கொண்டே அது பறந்து போனபோது முதுகின் கீழ்ப்பக்கம் பளிச்சென்று ஒரு வெள்ளை தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மரம் வெட்ட உத்தரவு வந்தது. எங்களோடு நிற்பதற்கு வனக் காப்பாளர் ஒரு அம்மா வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பத்தமடைக்காரர். காக்கிச் சட்டை, தோளில் துணிப்பை, கழுத்தில் ஆபீஸ் பைனாகுலர். முதலில் வேங்கைக் கொப்பு இரண்டை வெட்டினோம். அடுத்தது இலவமரம். கூட்டாளி கயிற்றைப் பிரிக்கிறார், நான் சும்மா நிற்கிறேன்.

"என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்ல மேடம். இந்த மரத்துல ஒரு பறவையப் பாத்தேன். அதான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் துணிப்பையிலிருந்து செய்தித்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தார். முழுக்கப் பறவைப் படம். ஆனால் அதைத் திறக்கவில்லை. "படத்தக் காட்டினா நீங்க படத்தப் பாத்துச் சொல்லிருவீங்க. முதல்ல பாத்தது என்னன்னு சொல்லுங்க" என்று கேள்வி கேட்க ஆரம்பித்தார். எவ்வளவு பெரிது? முதுகு என்ன நிறம்? வயிறு? பறக்கும்போது என்ன தெரிந்தது? நெற்றி சிவப்பா, பின்னந்தலை மட்டும் சிவப்பா? கன்னம்?

வயிறு எனக்கு நினைவில்லை. மரத்தோடு ஒட்டியிருந்ததே. மற்றதெல்லாம் சொன்னேன். நெற்றி சிவப்பு, கன்னமும் சிவப்பு.

அப்புறம்தான் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதேதான். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. வெள்ளை வயிறு உள்ள பெரிய கருப்பு மரங்கொத்தி, இந்தக் காட்டு மரங்கொத்திகளிலேயே பெரிசு இதுதான் என்றார். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் சத்தம் கேட்டிருக்கிறார், ஒரு தடவை மரங்களுக்கு நடுவில் பறந்ததைப் பார்த்திருக்கிறார். அது மரத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சொல்லும்போது அவர் குரலில் என் மேல் ஒரு பொறாமை இருந்தது. எனக்கு அது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"அது இரை தேட வந்த மரமா, குடியிருக்க மரமான்னு தெரியணும். தெரியாம வெட்ட வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க" என்றார்.

கூட்டாளி என்னைப் பார்த்தார். "ஏ.இ.க்கு யார் வே பதில் சொல்லுதது?" ஏ.இ. என்பது எங்கள் உதவிப் பொறியாளர். அவரிடம் பேச்சு வாங்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு. வேறு மரங்கள் பாக்கி இருக்கின்றன, முதலில் அவற்றை முடிக்கிறோம் என்று போனில் சொல்லிச் சமாளித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியிடம் வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் தனியாக பைக்கை எடுத்துக்கொண்டு மேலே போனேன். செக்போஸ்ட்டில் என் முகம் தெரியும், விட்டுவிட்டார்கள். இலவமரத்துக்கு எதிரே ஒரு பாறையில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வாக்கில் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கவனமாகப் பார்த்தேன். வயிறு வெள்ளை. சரி. கண் வெளிறின மஞ்சள். தலை... நெற்றி கருப்பாக இருந்தது. பின்னந்தலையில் மட்டும் சிவப்பு. கன்னத்தில் ஒன்றுமே இல்லை.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அந்த அம்மாவிடம் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் வெயிலில் தப்பாகப் பார்த்தேனா? இல்லை, படத்தைக் காட்டியதும் நானே நிறத்தை ஏற்றிக்கொண்டேனா? ஆனால் படத்துக்கு முன்னாலேயே அல்லவா சொன்னேன்? இறங்கி வரும்போது முதலில் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிறகு மனது கேட்கவில்லை. செக்போஸ்ட்டில் அவர் இருந்தார். நேரே போய்ச் சொன்னேன்.

"மேடம், நான் அன்னைக்குச் சொன்னது தப்பு போல. கன்னத்துல சிவப்பு இல்ல. நெத்தியும் கருப்புதான்."

அவர் எழுதிக்கொண்டிருந்த ரெஜிஸ்டரை மூடினார். "நிச்சயமா?"

"பத்து நிமிஷம் பாத்தேன்."

"அன்னைக்கும் நிச்சயமாத்தான் சொன்னீங்க?"

"அன்னைக்கும் நிச்சயந்தான். அதான் எனக்கே விளங்கல."

அவர் எழுந்துவிட்டார். முகம் மலர்ந்து போனது. "அண்ணாச்சி, ரெண்டு தடவையும் நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. கன்னத்துல சிவப்பு இருக்கது சேவல். இல்லாதது பெட்டை. நீங்க பாத்தது ரெண்டு பறவை. ஒரே மரத்துல ரெண்டும் வருதுன்னா, அங்கன கூடு இருக்கு."

மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் மரத்தைச் சுற்றிப் போய், கம்பிப் பக்கத்துப் பாறை ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கூட்டாளியை நான் கட்டாயப்படுத்தித்தான் கூட்டி வந்தேன். மரத்தின் மறுபக்கம், கம்பியைப் பார்த்த பக்கம், பாதி உயரத்துக்கும் மேலே ஒரு துளை இருந்தது. நான் போன வருஷம் மரத்தை அளந்தபோது அது கிடையாது. அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டாளி கொட்டாவி விட்டார். அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு ஒற்றைக் கூவல் வந்தது. துளையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கருப்பு நெற்றி. பெட்டை வெளியே வந்து மரத்தில் ஒட்டிக்கொண்டது. சேவல் பறந்து வந்து அதற்குக் கீழே அமர்ந்தது. இரண்டும் ஒரு நிமிஷம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு பெட்டை போய்விட்டது. சேவல் துளைக்குள் தலையை விட்டு, உடம்பை விட்டு, கடைசியில் வாலும் உள்ளே போனது.

"டூட்டி மாத்துது வே" என்றார் கூட்டாளி. அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஏ.இ. நேரில் வந்தார். மரத்தைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். "மரங்கொத்திதானய்யா? எங்க வீட்டுத் தென்னையிலயும் இருக்கு" என்றார். வனக் காப்பாளர் அம்மா, முட்டையோ குஞ்சோ இருக்கிற கூட்டைக் கலைக்க உத்தரவில் இடம் இல்லை, குஞ்சு பறக்கும் வரைக்கும் தள்ளி வையுங்கள் என்று எழுத்தில் தருவதாகச் சொன்னார். ஏ.இ. என் பக்கம் திரும்பினார். "சித்திரைக் காத்துல இது கம்பி மேல விழுந்தா மேல இருக்க ஜனங்களுக்குக் கரண்ட் இருக்காது. யாருய்யா பொறுப்பு?"

"விழுந்தா அன்னைக்கே ஏறிச் சரி பண்ணிருதேன் சார்."

சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாள் மேகம் கூடும்போதும் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குடியிருப்பில் கைக்குழந்தை வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. ஒரு பறவைக்காக அவர்களை இருட்டில் போடுகிறோமோ என்று உறுத்தியது. நடுவில் ஒருநாள் மேலே போய் அவர்களிடமே சொன்னேன். தேன் எடுக்கப் போகிற ஒரு காணிக்காரர், "அதுக்குக் குஞ்சு இருக்குன்னா நிக்கட்டும். கரண்டு போனா நீங்க வந்து போடுவீங்கல்லா" என்றார். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

பங்குனி கடைசியில் ஒரு சாயங்காலம் கோடை மழை இடியோடு கொட்டியது. மேலே லைன் ட்ரிப் ஆகிக் கரண்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தது. ஆற்றோடைகளில் தண்ணீர் இறங்கும் வரை யாரையும் மேலே விடவில்லை. விடிந்ததும் நானும் கூட்டாளியும் போனோம்.

இலவமரத்தின் தலைப்பாகம், இருபது அடி இருக்கும், முறிந்து கம்பி மேல் விழுந்து கம்பியை அறுத்துக்கொண்டு கிடந்தது. மீதி மரம் நின்றது. முறிந்த இடம் துளைக்கு ஆள் உயரத்துக்கு மேலே. துளையில் அசைவு எதுவும் இல்லை. மரத்தடியில் ஈரச் சிலாம்பும் பாசியும்தான். ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று கூட்டாளி குனிந்து புல்லை விலக்கி விலக்கித் தேடினார். ஒன்றும் இல்லை. அதுவே ஒரு ஆறுதல் என்று சொல்லிக்கொண்டோம். ஏ.இ. போனில் என்ன பேசினார் என்பதை எழுத வேண்டாம். பேச வேண்டியதைத்தான் பேசினார்.

லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று லைன் கிளியர் வாங்கி, பாதுகாப்புக்குக் கம்பியை எர்த் பண்ணி, நான் கம்பத்தில் ஏறினேன். அந்தக் கம்பம் மேட்டில் நிற்கிறது, மரம் பள்ளத்தில் நிற்கிறது. அதனால் கம்பத்து உச்சியில் பெல்ட்டை மாட்டிச் சாய்ந்தபோது அந்தத் துளை எனக்கு நேர் எதிரே இருந்தது. இருபத்தைந்து அடி தூரம் இருக்கும். கீழேயிருந்து பார்த்தபோது வட்டம் என்று நினைத்திருந்தேன். நேரே பார்த்தால் மேல் கீழாக நீண்டிருந்தது. விளிம்பு சீவி வைத்த மாதிரி சுத்தம்.

அறுந்த கம்பியை இழுத்துக் கட்டுகிற வேலை நடுவில் இருக்கும்போது கூவல் கேட்டது. நான் கையை அப்படியே நிறுத்தினேன். சேவல் வந்து மரத்தின் பின்பக்கம் அமர்ந்தது. நகம் மரத்தைப் பற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு ஓரத்தில் சிவப்புத் தலை எட்டிப் பார்த்து மறைந்தது. இன்னொரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு தொங்கினேன். தொடை மரத்துப்போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அது சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது.

இப்போது இருவரும் ஒரே உயரத்தில். அதற்கு வால், எனக்குப் பெல்ட். அந்த மஞ்சள் கண் என்னைப் பார்த்தது. கன்னத்துச் சிவப்பில் ஒவ்வொரு தூவியும் தனித் தனியாகத் தெரிந்தது. மரத்தைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன. கோழிக்கு இருப்பது போல மூன்று முன்னால் ஒன்று பின்னால் இல்லை. இரண்டு முன் பார்த்து, இரண்டு பின் பார்த்து, மரத்தைக் கவ்வியிருந்தன. முதுகில் மழைத் தண்ணீர் இன்னும் முத்து முத்தாக நின்றது. நான் அதற்கு ஆபத்தா இல்லையா என்று அது முடிவு செய்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன். யாரும் என்னை அப்படி முழுசாகப் பார்த்ததில்லை.

அது தலையைத் திருப்பித் துளையில் ஒரு தட்டுத் தட்டியது. உள்ளேயிருந்து இரண்டு குஞ்சுத் தலைகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தன. சேவல் தன் அலகை அவற்றின் தொண்டைக்குள் விட்டு எதையோ கக்கிக் கக்கிக் கொடுத்தது. குஞ்சுகள் கத்திய கத்தல், எங்கள் கடைவீதியில் பஸ்ஸுக்கு ஏறுகிற கூட்டம் மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை எடுக்கப் பயம்.

"என்ன வே, மேல ஏதும் கோளாறா?" என்று கூட்டாளி கீழேயிருந்து கத்தினார். சேவல் பறந்துவிட்டது.

"உசுரோட இருக்கு வே!" என்று நானும் கத்தினேன். "ரெண்டு இருக்கு!"

கீழே அவர் கயிற்றை விட்டுவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கயிற்றை விடாதீரும் என்று நான் திட்டினேன்.

மத்தியானத்துக்குள் கரண்ட் கொடுத்துவிட்டோம். சித்திரை பிறந்து சில நாளில் ஏ.இ. திரும்ப வந்து பார்த்தார். தலை முறிந்த பிறகு, பள்ளத்தில் நிற்கிற மீதி மரம் அப்படியே சாய்ந்தாலும் மேட்டுக் கம்பிக்கு எட்டாது. அதை நடந்து அளந்து பார்த்துவிட்டு, லிஸ்ட்டை வாங்கி அவரே பேனாவால் அந்த வரியை அடித்தார். அடித்துவிட்டு, "எங்கய்யா, காட்டு" என்றார். வனக் காப்பாளர் அம்மா பைனாகுலரைக் கொடுத்தார். அவர் வெகு நேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

குஞ்சுகள் வெளியே வந்த அன்று நானும் அந்த அம்மாவும் பக்கத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒன்று நேரே காட்டுக்குள் போய்விட்டது. இன்னொன்று தடுமாறிப் பறந்து வந்து, எங்கள் சிமெண்ட் கம்பத்தில் போய் ஒட்டியது. வாலை ஊன்றியது. சறுக்கியது. மறுபடி உந்தி ஏறப் பார்த்தது, மறுபடி ஒரு முழம் சறுக்கியது. அப்புறம் தலையைச் சாய்த்து, கம்பத்தை டொக் என்று ஒரு கொத்து கொத்தியது. கொத்திவிட்டு அப்படியே திகைத்து நின்றது.

"இங்கன ஒண்ணும் கிடைக்காது, போ" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். மரங்களுக்குள்ளிருந்து பெட்டையின் கூவல் வந்தது. குஞ்சு கம்பத்தை விட்டு, பள்ளத்துக்கு மேலே தாழ்ந்து பறந்து, ஒரு பெரிய மருத மரத்தின் அடியில் போய்ப் பற்றியது. அங்கே சறுக்கவில்லை. அரை அடி அரை அடியாக ஏறி, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது. நாங்கள் அது மறுபடி தெரியுமா என்று பார்த்துக்கொண்டே நின்றோம்.